புது அரிசிக்குப் பழைய அளவு செல்லாது

வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்தால் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் ஓட்டல்களின் கரும்பலகையில் எழுதும் பெயர்கள் மாறிவிடும். அக்காரவடிசல், திருவாதிரைக் களி, மொச்சைக் குழம்பு என்று பருவத்துச் சரக்கு வரிசையாக வந்து உட்காரும். கோயிலுக்கும் கச்சேரிக்கும் வருகிறவர்களால் லாட்ஜுகளும் நிரம்பும். மார்கழி, தை இரண்டு மாதத்தையொட்டி வந்த கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

மன்னார்குடியில் சின்ன டிபன் கடை நடத்துகிறேன். தை பிறந்ததிலிருந்து வெண்பொங்கல் விடிகாலை 5 மணிக்குக் களியாக இருக்கிறது. 8 மணிக்குக் கரண்டி இறங்காத அளவுக்கு இறுகிவிடுகிறது. அளவு எதையும் நான் மாற்றவில்லை. அரிசிக்காரர் ஏமாற்றுகிறாரா?
– வாசகர், மன்னார்குடி

ஏமாற்றவில்லை. நீங்கள் அளவை மாற்றாததுதான் காரணம். போன மாதம் வரை உங்களுக்கு வந்தது பழைய பச்சரிசியாகவோ, புரட்டாசி ஐப்பசியில் அறுத்துச் சில வாரம் கிடந்த குறுவையாகவோ இருந்திருக்கும். தையில் சம்பா அறுப்பு தொடங்கியதும் களத்திலிருந்து மில், மில்லிலிருந்து கடை என்று புது அரிசி நேராக வந்துவிடுகிறது. புது அரிசியில் ஈரம் கூடுதல், மணி இளசு. வேகும்போதே மாவு வெளியே கசிந்து குழைந்துவிடும். பழைய அரிசி கெட்டிப்பட்டிருப்பதால் நிறையத் தண்ணீர் குடித்தும் மணி உடையாமல் நிற்கும். இரண்டுக்கும் ஒரே அளவுத் தண்ணீர் வைத்தால் ஒன்று களியாகும், இல்லாவிட்டால் மற்றது முளைவிட்ட மாதிரி விறைத்து நிற்கும்.

அரிசி மூன்று பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்த ஒரு பங்குக்கு, திறந்த அண்டாவில், பழைய அரிசி என்றால் ஐந்து பங்கு தண்ணீர். புது அரிசி என்றால் நான்கு பங்கில் தொடங்குங்கள். பக்கத்து அடுப்பில் ஒரு பங்கு வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். போதவில்லை என்றால் அதிலிருந்து விடலாம், விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. பருப்பை வாசனை வரும் வரை லேசாக வறுத்தால் போதும். சிவக்க வறுத்த பருப்பு மசியாது, அது தனியாக நிற்க அரிசி மட்டும் குழையும். உப்பை முக்கால் வேக்காட்டுக்கு மேல் போடுங்கள்.

இறுகுவது வேறு சங்கதி. கசிந்த மாவு ஆறும்போது உறைகிறது, அவ்வளவுதான். புது அரிசியில் கசிவு கூடுதல் என்பதால் இறுக்கமும் கூடுதல். அதற்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். முதலாவது, பொங்கல் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கி மேடையில் வைக்காமல், அதைவிடப் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் வைத்து, கீழே இளந்தீ விடுங்கள். பொங்கலின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. சூடாகப் பரிமாறும் உணவுக்கு உணவுப் பாதுகாப்பு விதியும் இதையே சொல்கிறது. இரண்டாவது, நெய்யை இரண்டாகப் பிரியுங்கள். அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரு கிலோ என்றால் 150 கிராம் நெய். பாதியை வெந்து மசிக்கும்போதே விட்டுக் கிளறுங்கள். மீதியில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி தாளித்துக் கொட்டுங்கள். எல்லா நெய்யையும் தாளிப்பில் மட்டும் ஊற்றினால் மேலே மினுமினுக்கும், உள்ளே வறண்டிருக்கும். மூன்றாவது, இளக்குவதற்குக் கொதிநீர் மட்டும் விடுங்கள். சில கடைகளில் பால் விடுகிறார்கள். இஞ்சி போட்ட பொங்கலில் பால் திரியும், ஒரு மணி நேரத்தில் புளிப்பு வாடையும் வரும்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி, 5 மணிக்குப் பாதியும் 7 மணிக்குப் பாதியுமாக இரண்டு தவணையில் வைப்பது. கூடுதல் வேலைதான். ஆனால் 8 மணிக்கு வருகிறவர்தான் தினமும் வருகிற வாடிக்கைக்காரர், அவருக்கு நல்ல பொங்கல் போக வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் புது அரிசியைத் தொடாதீர்கள். ஆறு மாதமாவது ஆன புழுங்கல் அரிசிதான் இலையில் உதிரியாக விழும்.

மார்கழி 27 அன்று கூடாரவல்லிக்கு அக்காரவடிசல் செய்தால் வெல்லம் சேர்த்ததும் பால் திரிந்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்து ஓட்டல்களில் மட்டும் எப்படி வழவழப்பாக வருகிறது?
– வாசகி, லால்குடி

வெல்லத்தில் புளிப்பும் உப்பும் உண்டு. கொதிக்கிற பாலில் அது விழுந்தால் திரியத்தான் செய்யும். அரிசி பாலை முழுக்கக் குடித்து முடிக்கும் வரை வெல்லம் பக்கத்தில் வரக் கூடாது.

பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், பால் ஒன்றரை லிட்டர், வெல்லம் 400 கிராம், நெய் 150 கிராம். அரிசியையும் பருப்பையும் ஒரு கரண்டி நெய்யில் லேசாக வறுத்து, அரை லிட்டர் பாலும் ஒரு டம்ளர் தண்ணீரும் விட்டு அடிகனமான உருளியில் வேகவிடுங்கள். மீதிப் பாலைத் தனியே காய்ச்சி வைத்துக்கொண்டு, சுண்டச் சுண்ட விட்டுக் கிளறுங்கள். விரலால் நசுக்கினால் அரிசி நடுவில் நெருடாமல் மசிய வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும், அவசரப்பட்டால் அடிபிடிக்கும். வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஒரு கொதி விட்டு இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, அடுப்பை அணைத்த உருளியில் ஊற்றிக் கலக்குங்கள். பிறகு மிக இளந்தீயில் ஐந்து நிமிடம் வைத்து, நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும்.

பொங்கலையொட்டிப் புது வெல்லம் வருகிறது. ஒவ்வொரு ஆலையின் வெல்லமும் ஒவ்வொரு மாதிரி. முழு உருளியைப் பணயம் வைக்காமல், இரண்டு கரண்டி காய்ச்சிய பாலில் ஒரு துண்டு வெல்லம் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். உடனே திரிந்தால் அந்த வெல்லத்தைப் பாயசத்துக்கு வைக்காதீர்கள். வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும் வெல்லத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுப்பாக்கியதாக இருக்கலாம். பழுப்பு நிறம்தான் கரும்பின் நிறம்.

பச்சைக் கற்பூரம் ஒரு அரிசி மணி அளவு போதும், மிஞ்சினால் கசக்கும். மளிகைக் கடையில் கேட்கும்போது ‘சாப்பிடுகிற பச்சைக் கற்பூரம்’ என்று சொல்லி வாங்குங்கள். ஆரத்திக் கற்பூரம் வாய்க்குள் போகவே கூடாது.

வைகுண்ட ஏகாதசிக்குக் குடும்பத்தோடு ஸ்ரீரங்கம் போகிறோம். திருச்சியில் எந்தப் பகுதியில் அறை எடுப்பது? புதிதாக என்னென்ன மாறியிருக்கிறது?
– வாசகர், வேதாரண்யம்

முதல் மாற்றம் பேருந்து நிலையம். 2025 ஜூலையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகளுக்கான முனையம் மதுரைச் சாலையில் பஞ்சப்பூரில் இயங்குகிறது. ‘பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்’ என்று லாட்ஜுக்காரர் சொன்னால், எந்த பஸ் ஸ்டாண்ட் என்று கேளுங்கள். பழைய மத்தியப் பேருந்து நிலையம், சத்திரம், பஞ்சப்பூர் மூன்றும் வேறு வேறு இடம். பஞ்சப்பூர் நகரத்தின் தென்கோடி, ஸ்ரீரங்கம் வடகோடி. பரமபத வாசல் விடிவதற்கு முன்பே திறக்கிறது. அந்த நேரத்துக்கு ஊரைக் குறுக்கே கடந்து வருவது குழந்தைகளோடு முடியாத காரியம்.

எனவே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்துக்குள்ளேயே நடந்து போகிற தூரத்தில் தங்குங்கள். பஞ்சக்கரைச் சாலையில் கோயில் நிர்வாகத்தின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது, ஆனால் ஏகாதசி அறைகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பாருங்கள். சென்னை, விழுப்புரம் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் திருச்சி ஜங்ஷன் வரை போக வேண்டாம். ஸ்ரீரங்கத்திலேயே நிற்கும் வண்டியா என்று பார்த்துச் சீட்டு எடுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்: இருபத்துநான்கு மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? விடிகாலை 3 மணிக்கு வந்து இறங்கும் குடும்பத்துக்கு 12 மணிக் கணக்கில் ஒன்பது மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகை போய்விடும். மார்கழிக் குளிருக்கு வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதையும் கேளுங்கள். காலை 6 மணிக்குத்தான் வெந்நீர் என்றால் ஏகாதசிக்கு அது பயன்படாது.

வாடகைக்கு மேல் வரி: நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. 2,000 ரூபாய் அறைக்கு 240 இருந்த இடத்தில் இப்போது 100 ரூபாய். பழைய விகிதத்தில் ரசீது போட்டால் சுட்டிக்காட்டுங்கள்.

தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாற்றிலேயே தங்க முடியுமா?
– வாசகி, குளித்தலை

திருவையாற்றில் தங்கும் இடங்கள் குறைவு. சுமார் 12 கிலோமீட்டரில் தஞ்சாவூர் இருக்கிறது, அங்கே தங்குவதே நல்லது. ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலை பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடும்போது காவிரிக்கரைப் பந்தலில் உட்கார இடம் வேண்டுமானால், விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். காலைப் பலகாரத்தைத் தஞ்சாவூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

திருவையாறு என்றதும் அசோகா அல்வா நினைவுக்கு வருகிறது. ஓட்டலில் விற்கலாம் என்று போட்டுப் பார்த்தோம். முதல் நாள் பசை மாதிரி, மறுநாள் கல் மாதிரி. நிறத்துக்கு எவ்வளவு பவுடர் போடலாம்?
– வாசகர், பாபநாசம்

பசை மாதிரி இருப்பது மாவு வறுபடாததால். கல்லாவது சர்க்கரைப் பதம் தாண்டியதால். இரண்டும் ஒரே கையில் நடக்கக் காரணம், மாவின் பச்சை வாடை போகவில்லையே என்று கடைசியில் கூடுதல் நேரம் கிளறியிருப்பீர்கள். பச்சை வாடையைச் சர்க்கரை சேர்க்கும் முன்பே போக்கிவிட வேண்டும், பின்னால் போக்க முடியாது.

பாசிப்பருப்பு 100 கிராமை வாசனை வர வறுத்து, மூன்றரைப் பங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து, சூடாக இருக்கும்போதே மத்தால் மசியுங்கள். ஒரு பருப்பு கூட முழுசாக நிற்கக் கூடாது. சர்க்கரை விழுந்த பிறகு பருப்பு வேகவே வேகாது, கடைசி வரை பல்லில் தட்டும். உருளியில் 60 கிராம் நெய் விட்டு முந்திரியை வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் 50 கிராம் கோதுமை மாவை இளந்தீயில் நான்கைந்து நிமிடம் வறுங்கள். மாவு நுரைத்து, வாசனை பிஸ்கட் மாதிரி வர வேண்டும். அதில் பருப்பு மசியலைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறி, பிறகு 275 கிராம் சர்க்கரை. சர்க்கரை விழுந்ததும் எல்லாம் இளகித் தண்ணீராகும், பயப்பட வேண்டாம். மிதமான தீயில் விடாமல் கிளறி, இன்னொரு 100 கிராம் நெய்யை நான்கு தவணையாகச் சேருங்கள். ஓரம் விட்டு, நெய் மேலே கசியத் தொடங்கும்போது இறக்கிவிடுங்கள். கரண்டியிலிருந்து மெதுவாக வழுக்கி விழுகிற பதம்தான் சரி. உருண்டு விழுகிற பதம் வரை காத்திருந்தால் ஆறியதும் கல்தான். அசோகா வில்லை போடுகிற இனிப்பு இல்லை, இலையில் சரிய வேண்டும்.

நிறம்: அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமே ஆனாலும், தயாரான பண்டத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் எல்லை. ஒரு கிலோவுக்கு 0.1 கிராம். விரல் நுனியால் அள்ளிப் போடுகிற பழக்கத்தில் இந்த எல்லை எளிதாகத் தாண்டிவிடும். ஒரு கிராம் பவுடரை 100 மில்லி தண்ணீரில் கரைத்துப் புட்டியில் வைத்துக்கொண்டால், கிலோவுக்கு அதிகபட்சம் 10 மில்லி என்று அளந்து விடலாம். உதிரியாக, பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் நிறப்பொடியை வாங்கவே வாங்காதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது ரோடமின்-பி என்ற துணிச்சாயம் அதில் இருந்ததால்தான்.

கும்பகோணம் கடப்பா எங்கள் கையில் குருமா ஆகிவிடுகிறது. ஏன்?
– வாசகி, மயிலாடுதுறை

தக்காளியும் மிளகாய்த்தூளும் போடுவதால். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கடப்பாவின் காரம் பச்சை மிளகாய் மட்டும்தான், நிறம் வெளிர் மஞ்சள், மஞ்சள்தூள் சிட்டிகைக்கு மேல் வேண்டாம். ஆறு பேருக்குப் பாசிப்பருப்பு 100 கிராம், உருளைக்கிழங்கு 250 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று. அரைக்கத் தேங்காய் அரை மூடி, பொட்டுக்கடலை இரண்டு மேஜைக்கரண்டி, பச்சை மிளகாய் ஆறு, சோம்பு ஒரு தேக்கரண்டி, கசகசா அரைத் தேக்கரண்டி, பூண்டு நான்கு பல். தாளிக்கப் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை.

வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனால் போதும், சிவக்க விடாதீர்கள். கிழங்கைப் பாதி மசித்து, பாதித் துண்டாக விடுங்கள். இந்தப் பருவத்தில் நகத்தால் தோல் உரிகிற புதுக் கிழங்கு சந்தைக்கு வரும். அது மாவாக மசியாமல் வழுக்கும். கடப்பாவுக்குப் பழைய கிழங்காகப் பொறுக்கி வாங்குங்கள். அரைத்த விழுது சேர்த்த பின் ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதித்தால் தேங்காய் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். பொட்டுக்கடலையும் பருப்பும் நேரம் ஆக ஆகக் கெட்டியாக்கும், ஆகவே இறக்கும்போது ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் இருக்க வேண்டும். எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகுதான், கொதிக்கும்போது பிழிந்தால் கசப்பு. கும்பகோணத்து ஓட்டல்களில் எல்லாம் தினமும் கடப்பா போடுவதில்லை, இன்று உண்டா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

நெடுஞ்சாலை முழுக்க ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு. எது நல்ல காபி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஒரத்தநாடு

பித்தளை டவராவைப் பார்க்காதீர்கள், பால் அடுப்பைப் பாருங்கள். அண்டாப் பால் நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டே இருந்தால் ஆடை வாடை காபியிலும் வரும். தண்ணீர் கலக்காத பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுகிற கடையில் குடியுங்கள். வீட்டில் என்றால் 30 கிராம் பொடிக்கு 120 மில்லி கொதிநீர். பில்டர் அடைத்துக்கொண்டால் பொடி மிக நைசு, அல்லது குடையை அழுத்திவிட்டீர்கள். பொட்டலத்தில் சிக்கரி விகிதம் அச்சிட்டிருக்க வேண்டும். சட்டம் 49 சதவீதம் வரை விடுகிறது. எங்களைக் கேட்டால் 20க்கு மேல் போனால் காபி ருசி அடங்கிப்போகும்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகர், திருச்சி

வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, ஓட்டல்கள் அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

எங்கள் மெஸ்ஸில் தை மாத வெள்ளிக்கிழமைகளில் ஏழுகறிக் குழம்பு போட நினைக்கிறோம். 50 சாப்பாட்டுக்கு அளவு வேண்டும். மொச்சை மட்டும் வேகாமல் நிற்கிறது.
– வாசகி, திருவாரூர்

மொச்சை வேகாததற்குப் புளிதான் காரணம். புளித்தண்ணீரில் எந்தப் பயறும் கிழங்கும் மெத்தென்று ஆகாது. முக்கால் வேக்காடு ஆன பிறகே புளி சேர வேண்டும்.

ஆளுக்கு 150 மில்லி என்று ஏழரை லிட்டர் குழம்பு. பரங்கிக்காய் ஒரு கிலோ, வாழைக்காய் 600 கிராம், சேனை 600, சர்க்கரைவள்ளி 500, சேப்பங்கிழங்கு 500, உரித்த பச்சை மொச்சை 500, அவரைக்காய் 400. மொச்சை உரித்து அரைக் கிலோ வேண்டுமானால் காயாக ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாமல் வாங்குங்கள். துவரம்பருப்பு 600 கிராம், புளி 200 கிராம். வறுத்து அரைக்கத் தனியா 150, கடலைப்பருப்பு 100, வற்றல் மிளகாய் 80 கிராம், தேங்காய் இரண்டு. உப்பு 90 கிராமில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

மொச்சையைத் தனியே உப்புப் போட்டு வேகவையுங்கள். சேப்பங்கிழங்கைத் தோலோடு வேகவைத்து உரித்து, கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் குழம்பு முழுக்கக் கொழகொழப்பு. சேனையைப் பெரிய துண்டாக, கொஞ்சம் புளி விட்ட தண்ணீரில் தனியே அரைவேக்காடு வேகவைத்து வடித்துவிடுங்கள், அரிப்புப் போகும். வாழைக்காயும் அவரையும் அண்டாவில் முதலில், பத்து நிமிடம் கழித்து சர்க்கரைவள்ளி, அதற்குப் பிறகு பரங்கி. பரங்கி கடைசி எட்டு நிமிடத்துக்குத்தான், கரைந்து போனால் ஏழு ஆறாகிவிடும். புளித்தண்ணீர், பருப்பு, அரைத்த விழுது என்ற வரிசையில் சேர்த்து ஒரு கொதி, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளிப்பு.

மிஞ்சினதை மறுநாள் சுண்டவைத்துச் சாப்பிடுவது நம் வீடுகளில் உண்டு, ருசியும் கூடும். மெஸ்ஸில் அப்படி வைப்பதாக இருந்தால் அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து பிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள். ஆழமான அண்டாவிலேயே மூடி வைத்தால் நடுவில் விடியும் வரை வெதுவெதுப்பு போகாது. அதில் தேங்காய் ஊசிப்போய், மேலே நுரை கட்டும். நுரை கண்டால் கொதிக்கவைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.